பூட்டிய கதவுக்குள் ஒரு விஞ்ஞானி

(பள்ளி ஆசிரியர்களுக்கான கோடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வகுப்பில் ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "விஞ்ஞானி ஒருவரை வரையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்து நிற்க வேண்டும். ஆணா, பெண்ணா, எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார் என்று எதுவும் சொல்லக்கூடாது. அரை மணி நேரம் கழித்துத் தாள்களை வாங்கிப் பார்த்தால் வகுப்பு முழுக்க ஒரே ஆள் வந்து நிற்பார். வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, சிலிர்த்த முடி, கையில் புகை கக்கும் குடுவை. உங்களில் பலர் செய்து பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பள்ளி திறந்ததும் முதல் வாரத்திலேயே செய்து பாருங்கள்.

இந்தச் சோதனையை முறைப்படி, பெரிய அளவில் நடத்தியவர் டேவிட் வேட் சேம்பர்ஸ். 1966 முதல் 1977 வரை 4,807 சிறு பிள்ளைகளிடம் படங்கள் வாங்கினார். மழலையர் வகுப்பு தொடங்கி ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள். பெரும்பாலோர் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தவர். மற்றவர்கள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்தவர்கள். 1983-இல் முடிவை வெளியிட்டார். ஏழு அடையாளங்களை அவர் ஒவ்வொரு படத்திலும் தேடினார்: கோட்டு, கண்ணாடி, தாடி மீசை, ஆய்வுக் கருவிகள், புத்தகமும் கோப்புமாக அறிவைக் காட்டும் பொருள்கள், ராக்கெட் போன்ற அறிவியலின் விளைபொருள்கள், 'கண்டுபிடித்துவிட்டேன்!' என்பது போன்ற எழுத்துகள்.

4,807 படங்களில் பெண் விஞ்ஞானியின் படங்கள் எத்தனை தெரியுமா? 28. அந்த 28 படத்தையும் வரைந்தவர்கள் சிறுமிகள். வரைந்த பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் சிறுமிகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பையன்கூட ஒரு பெண்ணை வரையவில்லை.

இந்த 28 என்ற எண் உலகெங்கும் பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதுதான். ஆனால் அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு செய்தியை ஆசிரியர்களாகிய நாம் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். மழலையர் வகுப்புப் பிள்ளைகளின் படங்களில் இந்த ஏழு அடையாளங்கள் அநேகமாக இல்லவே இல்லை. ஏதோ ஓர் ஆள். இரண்டு கை, இரண்டு கால், அவ்வளவுதான். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று போகப்போக அடையாளங்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஐந்தாம் வகுப்பில் ஆள் முழுதாகத் தயார். அதாவது பிள்ளை இந்தப் படத்தோடு பிறக்கவில்லை. பள்ளிக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொள்கிறது. எழுத்தும் வாய்ப்பாடும் கற்றுக்கொள்ளும் அதே ஆண்டுகளில், யாரும் பாடமாக நடத்தாமலேயே இதையும் கற்றுக்கொண்டுவிடுகிறது.

அதற்குப் பிறகு அமெரிக்காவில் இதே சோதனை திரும்பத் திரும்ப நடந்தது. டேவிட் மில்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018-இல், ஐம்பது ஆண்டுகளில் வந்த 78 ஆய்வுகளை, 20,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் படங்களை, ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். நல்ல செய்தி உண்டு. பிற்காலத்தில் மூன்றில் ஒரு படம் அளவுக்குப் பெண் விஞ்ஞானிகள் வந்துவிட்டார்கள். அங்கே உண்மையிலேயே பெண்கள் அறிவியலுக்குள் வந்ததன் எதிரொலி அது. 1960-இல் அமெரிக்க உயிரியலாளர்களில் பெண்கள் 28 சதவீதம், 2013-இல் 49 சதவீதம். வேதியியலில் 8 சதவீதம் 35 ஆனது. இயற்பியலில் 3 சதவீதம் 11 ஆனது. உலகம் மாறினால் படமும் மாறுகிறது, தாமதமாகத்தான் என்றாலும்.

கவலைப்பட வேண்டிய செய்தியும் அதே ஆய்வில் இருக்கிறது. ஆறு வயதுச் சிறுமிகள் வரைந்த விஞ்ஞானிகளில் 70 சதவீதம் பெண்கள். பதினாறு வயதில் அது 25 சதவீதமாகிவிடுகிறது. ஆறு வயதில் அந்தச் சிறுமி 'விஞ்ஞானி' என்றதும் தன்னைப் போல் ஒருத்தியை வரைந்தாள். நடுவில் பத்து ஆண்டுகள் அவள் நம்மிடம்தான் இருந்தாள். வீட்டிலும் வகுப்பறையிலும்.

இனி நம்மூர்ப் படம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு மாணவன் வரைந்தது, அரசுப் பள்ளி. மூன்று நிறக் கிரேயான் மட்டும் அவனிடம் இருந்தன. விஞ்ஞானியின் தலைமுடி உச்சியில் ஐன்ஸ்டைனைப் போலச் சிலிர்த்து நிற்கிறது. காதோரம் இரண்டு பக்கமும் அப்துல் கலாமைப் போல வழிகிறது. இரண்டு பேரையும் விட அவனுக்கு மனம் வரவில்லை. மேசைமேல் பச்சைத் திரவம் கொதிக்கும் குடுவை. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு; ஜன்னலில் நிலா இருப்பதால் அது நள்ளிரவு. படத்திலேயே அதிக அக்கறையோடு வரையப்பட்டிருந்தது கதவு. மரப்பலகையின் கோடுகளும் கீலும்கூட உண்டு. கதவின் உட்பக்கம் மஞ்சளில் ஒரு பெரிய பூட்டு.

"பூட்டு எதுக்குப்பா?" என்று கேட்டேன்.

"யாரும் உள்ள வந்து தொந்தரவு பண்ணக் கூடாதுல்ல சார். அவரே பூட்டிக்கிட்டார்."

"சாப்பாடு?"

"மறந்துட்டார் சார்."

"நீ இப்படி ஆவியா?"

அவன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "விஞ்ஞானின்னா பெரிய ஆளு சார். ஆனா தனியாவே இருக்கணும். என்னால முடியாது."

நண்பர்களே, இந்தப் பையன் சொன்னதைத்தான் 1957-இல் அமெரிக்க மாணவர்களும் சொன்னார்கள். மானிடவியலாளர் மார்கரெட் மீடும் ரோடா மெட்ரோவும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதிய ஏறக்குறைய 35,000 கட்டுரைகளை வைத்து விஞ்ஞானியைப் பற்றி அவர்கள் மனத்தில் உள்ள பிம்பத்தை ஆராய்ந்தார்கள். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் விண்ணுக்குப் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், அந்த ஆண்டு ஆகஸ்டில், ஆய்வு வெளிவந்தது. மாணவர்கள் அறிவியலை வெறுக்கவில்லை. விஞ்ஞானி நாட்டுக்குத் தேவை, அவரால்தான் நோய் தீர்கிறது, வாழ்க்கை வசதியாகிறது என்றெல்லாம் தாராளமாக எழுதினார்கள். 'நீ விஞ்ஞானி ஆவாயா?' என்ற இடத்துக்கு வந்ததும் பேச்சு மாறியது. அந்த ஆள் ஆய்வகத்திலேயே கிடப்பார், வீட்டைக் கவனிக்க மாட்டார், வேறு பேச்சே பேச மாட்டார் என்று எழுதினார்கள். பொதுவாகக் கேட்டால் போற்றினார்கள். தன் வாழ்க்கை என்று வந்தால் விலகினார்கள். அந்தக் காலத்தை இன்னும் நன்றாகக் காட்டும் ஒன்று கேள்வித்தாளிலேயே இருந்தது. 'நான் விஞ்ஞானி ஆனால்' என்று எழுத விரும்பாத மாணவி, 'நான் ஒரு விஞ்ஞானியைக் கல்யாணம் செய்துகொண்டால்' என்று எழுதலாம் என அதில் இடம் கொடுத்திருந்தார்கள். கேட்டவர்களின் மனத்திலும் அந்தப் படம்தான் இருந்திருக்கிறது!

நம் வீடுகளில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். கலாம் படம் மாட்டாத வீடு குறைவு. பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டு, "இயற்பியல் படிக்கப் போறேன், ஆராய்ச்சி பண்ணப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இந்தப் பூட்டிய அறை எங்கிருந்து வந்தது? மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818-இல் வந்த நாவல். அதில் வரும் விக்டர் ஒரு கல்லூரி மாணவன். வீட்டின் மேல்மாடியில், யாரும் வராத தனியறையில், உயிருள்ள ஓர் உருவத்தைப் படைக்கிறான். 1931-இல் ஹாலிவுட் அதைப் படமாக எடுத்தபோது வெள்ளை அங்கியும் தீப்பொறி பறக்கும் மின் கருவிகளும் சேர்ந்துகொண்டன. பிறகு வந்த படங்கள் பலவும் அங்கிருந்து எடுத்துக்கொண்டன. நம் 'எந்திரன்' 2010-இல் வந்தது. அதில் விஞ்ஞானி வசீகரன் தாடியும் நீண்ட முடியுமாக ஆய்வகமே கதி என்று கிடப்பார். காதலியின் போனை எடுக்க மாட்டார். '24' படத்தில் சேதுராமன் காலத்தைக் கடக்கும் கைக்கடிகாரத்தைத் தன் வீட்டு ஆய்வகத்தில் தனியாகச் செய்து முடிப்பார். கதைக்கு ஒற்றை நாயகன் வேண்டும், அதனால் அப்படி எடுக்கிறார்கள். அதில் எனக்குப் பெரிய குறையில்லை. ஆனால் நம் பிள்ளைக்கு அதற்கு மாற்றாக வேறு எந்தக் காட்சியும் கிடைப்பதில்லை. பக்கத்துத் தெருவில் போலீஸ்காரரைப் பார்க்கிறது, நர்ஸைப் பார்க்கிறது, டீச்சரை நாள் முழுக்கப் பார்க்கிறது. விஞ்ஞானியைச் சினிமாவில் மட்டும்தான் பார்க்கிறது.

ஐன்ஸ்டைனின் நாக்கு நீட்டிய படத்தை அறியாத பிள்ளை இல்லை. 1951 மார்ச் 14-இல், அவருடைய 72-ஆம் பிறந்த நாளன்று எடுத்த படம் அது. இயற்பியலைப் புரட்டிப்போட்ட கட்டுரைகளை 1905-இல் அவர் எழுதியபோது அவருக்கு 26 வயது. தலை வாரி, கோட்டுப் போட்டு, பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்துக்குத் தினமும் வேலைக்குப் போய்வந்த இளைஞர். அந்த முகம் எத்தனை வகுப்பறைச் சுவர்களில் இருக்கிறது? வேலை செய்த வயதின் படத்தை விட்டுவிட்டு, புகழ் வந்த வயதின் படத்தை மாட்டுகிறோம். பார்க்கும் பிள்ளை, விஞ்ஞானி ஆக நரைத்திருக்க வேண்டும் போல என்று எண்ணிக்கொள்கிறது.

நாம் சொல்லும் கதைகளும் அப்படித்தான். தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 வந்தால் ராமன் விளைவைப் பற்றிப் பேசுகிறோம். பிள்ளைகளுக்குத் தலைப்பாகை கட்டி மேடையேற்றுகிறோம். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கப்பலில் யோசித்தார், கண்டுபிடித்தார், நோபல் பரிசு வாங்கினார் என்று மூன்று வாக்கியத்தில் கதை முடிந்துவிடுகிறது. கப்பல் பயணம் 1921, கண்டுபிடிப்பு 1928. நடுவில் இருந்த ஏழு ஆண்டுகளை யார் சொல்வது?

அந்த ஏழு ஆண்டுகளில் கல்கத்தாவின் பௌபஜார் தெருவில் ஓர் ஆய்வகக் கட்டடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் சூரிய ஒளியைக் கண்ணாடி வில்லைகளால் குவித்து, ஒவ்வொரு திரவமாகச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டு திரவமா? ஏறக்குறைய அறுபது திரவங்களைச் சோதித்ததாக அவர்களுடைய முதல் அறிவிப்பே சொல்கிறது. வெங்கடேஸ்வரன் என்பவர் பகலில் அலிப்பூரில் அரசுச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்தில் இங்கே வந்து ஆராய்ச்சி செய்தார். கிளிசரினில் அவர் கண்ட பச்சை ஒளிதான் ராமனை உசுப்பிய தடயங்களில் ஒன்று. வேலை நாளில் அவருக்குச் சூரிய ஒளி கிடைக்காது. அவர் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆசுதோஷ் தே என்ற உதவியாளர் 1907-இல் ராமன் முதன்முதலாக அந்தக் கதவைத் தட்டியதிலிருந்து கூடவே இருந்தவர். ராமனே அன்று நிதித்துறை அதிகாரி. பத்து ஆண்டுகள் காலையில் ஆய்வகம், பகலில் அலுவலகக் கணக்கு, மாலையில் மறுபடி ஆய்வகம் என்று ஓடியவர். 1917-இல்தான் அரசு வேலையை விட்டுப் பேராசிரியரானார்.

பிள்ளைகள் ராமனை வரையும்போது இவர்களில் ஒருவர்கூட அந்தப் படத்தில் இல்லை. தலைப்பாகை மட்டும் இருக்கிறது.

கதையை எப்படிச் சொல்கிறோம் என்பது மதிப்பெண்ணையே மாற்றும் என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. 2016-இல் வெளிவந்த அதை நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த சியாவ்டாங் லின்-சீக்லர் குழு நடத்தியது. பிராங்க்ஸ், ஹார்லெம் பகுதிப் பள்ளிகளில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்கள் 402 பேர். ஐன்ஸ்டைன், மேரி கியூரி, ஃபாரடே மூவரைப் பற்றிய கதைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு, அவர்கள் சோதனையில் தோற்றுத் திரும்பத் திரும்ப முயன்ற கதை. இன்னொரு பிரிவுக்கு, வறுமையோடும் வாழ்க்கையோடும் அவர்கள் போராடிய கதை. மூன்றாம் பிரிவுக்கு, சாதனைகளை மட்டும் அடுக்கிய கதை. நம் புத்தகங்களில் இருக்கிற மாதிரி. முதல் இரண்டு பிரிவினரின் அறிவியல் மதிப்பெண் ஏறியது. ஏற்கெனவே பின்தங்கியிருந்தவர்களுக்கு அதிகம் ஏறியது. சாதனையை மட்டும் படித்தவர்களுக்கு ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியது. 'பிறவி மேதை' என்று நாம் கொண்டாடிச் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளை 'அப்போ நான் இல்லை' என்று முடிவுசெய்துகொள்கிறது. ராமானுஜனின் கனவில் நாமகிரித் தாயார் வந்ததைச் சொல்லும் அளவுக்கு, தாள் வாங்கக் காசில்லாமல் அவர் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்து அழித்து எழுதியதையும் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இப்போது ஒரு புகைப்படம். மங்கள்யான் 2014 செப்டம்பர் 24-இல் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் போனது. அன்று பெங்களூரில் எடுத்த ஒரு படம் உலகம் முழுக்கப் பரவியது. பட்டுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்த பெண்கள் ஒருவரை ஒருவர் வாழ்த்திச் சிரிக்கிறார்கள். ராக்கெட் விஞ்ஞானிகள் இப்படியும் இருப்பார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பிற்பாடு இஸ்ரோ தெளிவுபடுத்தியது: படத்தில் இருப்பவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள்; ஆனால் பெண் விஞ்ஞானிகள் பலரும் திட்டத்தில் பணியாற்றினார்கள், கட்டுப்பாட்டு அறையிலும் இருந்தார்கள்.

இந்த விளக்கத்தைக் கேட்டுச் சிலர் ஏமாந்துபோனார்கள். அந்தப் படத்தை நான் இன்னும் விரும்புகிறேன். ஒரு விண்கலம் செவ்வாய்க்குப் போக, சம்பளப் பட்டியல் போடுகிறவரும் சாமான் வாங்கும் கோப்பை நகர்த்துகிறவரும் வேண்டும். அவர்களுக்கும் அன்று அவ்வளவு மகிழ்ச்சி. அந்தப் பையன் வரைந்த பூட்டுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் இந்தப் படம் எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளைக் கோட்டுக்குப் பதில் பட்டுப் புடவை வந்தது. செய்த வேலை மட்டும் படத்தில் வரவில்லை.

அந்தத் திட்டத்தில் பணியாற்றிய பெண் விஞ்ஞானிகளில் ஒருவர் ரிது கரிதால். அவர் அதில் என்ன செய்தார்? பூமியிலிருந்து கட்டளை அனுப்பினால் அன்று கலத்துக்குப் போய்ச் சேர 12 நிமிடத்துக்கு மேல் ஆகும். அங்கே ஏதாவது பழுதென்றால் இங்கே நமக்குத் தெரியவே அவ்வளவு நேரம். பதில் போக மறுபடி அவ்வளவு நேரம். ஆகவே கலம் தன் சிக்கலைத் தானே கண்டுபிடித்துத் தானே சரிசெய்துகொள்ள வேண்டும். அந்தத் தன்னாட்சி அமைப்பை வடிவமைத்து நிறைவேற்றும் பொறுப்பு அவருடையது. இதை ஏழாம் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். "அம்மா அப்பா ஊருக்குப் போயிட்டாங்க, போனும் எடுக்கலைன்னா நீ என்னென்ன பண்ணுவே? வரிசையா எழுது" என்று கேளுங்கள். கரண்ட் போனால், தண்ணீர் தீர்ந்தால், தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் என்று வகுப்பே எழுதும். அந்தப் பிள்ளைகள் அப்போது அந்த வேலையின் ஓரத்தைத் தொட்டுவிட்டார்கள். புடவைப் படத்தைப் பார்த்ததைவிட அது அவர்களிடம் அதிகம் தங்கும்.

பெண்களின் படத்தை மாட்டினால் போதும் என்ற எண்ணத்தில் எனக்கு முழு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம். மாட்டுங்கள், கட்டாயம் மாட்டுங்கள். ஆனால் படத்துக்குக் கீழே அவர் வாங்கிய விருதை எழுதாதீர்கள். செய்த வேலையை எழுதுங்கள்.

அன்னா மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாம் பிறந்த நாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியத் தொகுதி வாங்கித் தாருங்கள் என்று கேட்ட பெண். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, பெங்களூரில் ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை வைரங்களை ஆராய்வது! வைரம் உமிழும் மங்கலான ஒளியைப் புகைப்படத் தட்டில் பதிக்க ஒரு தட்டுக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும். இரவும் ஆய்வகத்தில் தங்கி அதைக் கவனித்தார். ஆய்வேட்டையும் எழுதி முடித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று காரணம் சொல்லி, பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. அவர் அதோடு நின்றுவிடவில்லை. 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வைத்தார். ஏறக்குறைய நூறு கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தினார். நாட்டில் எங்கே எவ்வளவு வெயில் விழுகிறது, எங்கே எவ்வளவு காற்றடிக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் அளக்க வைத்துப் புத்தகங்களாகத் தொகுத்தார். ஆரல்வாய்மொழிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது காற்றாலைகளைக் காட்டி, இந்த மாதிரிக் காற்றை இந்தியா முழுக்க அளந்து கணக்கெடுத்த ஓர் அம்மாள் இருந்தார் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம்.

தான் பெண் என்பதைப் பெரிதாகப் பேசுவது அன்னா மணிக்கே பிடிக்காது. வேலையைப் பற்றிக் கேட்டால் பேசுவார். அவரை நாம் அறிமுகப்படுத்துவதும் அந்த வழியில் இருந்தால் நல்லது.

வெளியில் நடக்கும் அறிவியலைப் பிள்ளைகள் வரைவதே இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள் தினமும் சாப்பிடும் சோற்றில் அங்கே பிறந்த ரகங்கள் உண்டு. ஒரு புது ரகம் எப்படிப் பிறக்கிறது? நெல் பூ ஒவ்வொன்றிலும் ஆறு மகரந்தப்பைகள். பூ விரிவதற்கு முன்பே உமியின் நுனியைக் கத்தரித்து, சிறு இடுக்கியால் அந்த ஆறையும் எடுத்துவிட வேண்டும். ஒன்று தவறினாலும் கலப்பு கெட்டது. பிறகு கதிருக்குக் காகித உறை மாட்டி, மறுநாள் காலை பூக்கும் நேரத்தில் இன்னொரு ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து மேலே தட்டிவிட வேண்டும். உறையில் தேதியும் பெற்றோர் பெயரும் எழுதிக் கட்ட வேண்டும். சேற்று வயலில் குனிந்து செய்யும் வேலை இது. அதில் கிடைத்த விதையை விதைத்து, தேர்ந்தெடுத்து, மறுபடி விதைத்து, ரகம் உழவர் கைக்கு வர எட்டு, பத்து ஆண்டுகள் ஆகிவிடும். வேலி ஓரமாகப் பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளை காகிதத் தொப்பி போட்ட கதிர்களைத் தினமும் பார்க்கிறது. ஆனால் வரையச் சொன்னால் கொதிக்கும் குடுவையைத்தான் வரைகிறது. வயலில் பார்த்ததுதான் அறிவியல் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. கொடைக்கானல் வானாய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, மேகம் இல்லாத காலைதோறும் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். சுற்றுலா போகும் பள்ளிப் பிள்ளைகள் படகு விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

சரி, படம் மாறுமா? மாறும். சிகாகோ பக்கத்தில் ஃபெர்மி ஆய்வகம் இருக்கிறது. 2000-இல் அங்கே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். போவதற்கு முன் விஞ்ஞானியை வரைந்து எழுதச் சொன்னார்கள், வந்த பிறகு மறுபடி. முதல் படம் நீங்கள் நினைப்பதுதான். இரண்டாம் படத்தில் கோட்டு காணாமல் போயிருந்தது. சாதாரண உடையில், குடும்பம் உள்ள, விளையாட்டு பிடிக்கிற, பேசிச் சிரிக்கிற ஆட்கள் வந்துவிட்டார்கள். கருவிகளைச் சுற்றிப் பார்த்ததால் மட்டும் இது நடக்கவில்லை. அங்கே பிள்ளைகள் சிறு குழுவாக உட்கார்ந்து ஆய்வாளர்களோடு பேசியிருந்தார்கள்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மார்ஜரி ரோட்ஸ் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வும் நமக்கு உடனே பயன்படும். சிறு பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டைத் தொடங்கும்போது பாதிப் பேரிடம் 'இன்று நாம் விஞ்ஞானிகளாக இருப்போம்' என்றார்கள். மற்றவர்களிடம் 'இன்று நாம் அறிவியல் செய்வோம்' என்றார்கள். விளையாட்டு கடினமானபோது, இரண்டாவது விதமாகச் சொல்லப்பட்ட சிறுமிகள் கூடுதல் நேரம் விடாமல் முயன்றார்கள். 'விஞ்ஞானி' என்றதும் மனத்தில் எழும் ஆளோடு தன்னை ஒப்பிட்டு 'நான் அவரில்லை' என்று சோர்ந்துபோகும் சிறுமி, ஒரு வேலை என்று சொன்னால் அதில் இறங்கிவிடுகிறாள்.

இந்தச் சோதனையின் மேலேயே ஒரு நியாயமான குறை உண்டு. அதைச் சொல்லாமல் போவது சரியில்லை. பிள்ளை தான் நம்புவதை வரைகிறதா, டீச்சருக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று வரைகிறதா? சும்மா ஓர் ஆளை வரைந்தால் 'இது விஞ்ஞானியா?' என்று கேட்பார்களே. அதற்காகக் கோட்டும் கண்ணாடியும் போட்டுவிடலாம். கேள்வியை மாற்றி, விஞ்ஞானிகளைப் பற்றியும் அவர்கள் வேலையைப் பற்றியும் உனக்குத் தெரிந்ததை வரை என்று கேட்டபோது வேறு மாதிரிப் படங்கள் வந்ததாக ஆஸ்திரேலியாவில் செய்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஒரு படத்தை வைத்து எந்தப் பிள்ளையையும் முடிவுகட்டிவிடாதீர்கள். படத்தின் பின்பக்கம் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: இவர் நேற்று என்ன செய்தார்? யாரோடு செய்தார்? எதில் தோற்றார்? பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் கேள்விக்கே பதில் வராது. 'கண்டுபிடித்தார்' என்று எழுதும். எதை, எப்படி என்று தெரியாது. இந்த வெற்றிடத்தை நிரப்புவதுதான் நம் வேலை.

நிரப்ப யாரையும் தூரத்திலிருந்து கூப்பிட வேண்டியதில்லை. தாலுகா அலுவலகத்தில் தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்துக் குறித்து வைப்பவர் இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து மலேரியாக் கிருமியைத் தேடும் லேப் டெக்னீஷியன் இருக்கிறார். பல ஊர்களில் அவர் பெண். கால்நடை டாக்டர் இருக்கிறார். பக்கத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் மாணவி இருக்கிறாள். அவளிடம், சரியாக வராமல் போன சோதனையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் பேசுவாள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவர் என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லும்போது, அவர் டிப்ளமாவில் படித்தது இயந்திரவியல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூடவே பிள்ளைகளை ஒரு பட்டறைக்கும் அழைத்துப் போங்கள்.

வரும்போது உங்கள் வகுப்புப் படங்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பலர் கையில் உருளையாகச் சுருட்டிய தாள்கள் தெரிகின்றன. தேநீர் இடைவேளைக்குப் பிறகு அந்த நீள மேசைகளில் பரப்புங்கள். கோட்டையும் கண்ணாடியையும் எண்ண வேண்டாம். படத்தில் இரண்டாவது ஆள் யாராவது இருக்கிறாரா, கதவோ ஜன்னலோ திறந்திருக்கிறதா, கையில் இருப்பதை வைத்து அவர் என்ன வேலை செய்கிறார் என்று சொல்ல முடிகிறதா, இந்த மூன்றை மட்டும் பார்ப்போம். அப்படி ஒரு படம் கிடைத்தால் வரைந்த பிள்ளையின் வகுப்பாசிரியர் எழுந்து, அந்தப் பிள்ளை அதை எங்கே பார்த்திருக்கும் என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.